டிராகனுக்கு எத்தனை நகம்?

உலகத்தின் மிகப் பெரிய சாம்ராஜ்யங்களில் ஒன்று. எல்லையில் எதிரிகள், கஜானாவில் ஓட்டை, ஆற்றில் வெள்ளம். இத்தனைக்கும் நடுவே அரசாங்கம் உட்கார்ந்து ஒரு சட்டம் போடுகிறது. எதைப் பற்றி? யாருமே நேரில் பார்த்திராத ஒரு மிருகத்தின் கால் நகங்களைப் பற்றி!

சிரிக்காதீர்கள், சீனாவில் இது படு சீரியஸான சமாச்சாரம். காலுக்கு ஐந்து நகம் வைத்த டிராகன் சக்கரவர்த்தியின் சொத்து. நாலு நகம் என்றால் இளவரசர்கள், பெரிய மனிதர்கள் ரேஞ்ச். அதற்கும் கீழே உள்ளவர்கள் மூன்று நகத்தோடு சமர்த்தாக இருக்க வேண்டும். 14-ஆம் நூற்றாண்டில், மங்கோலியர்கள் ஆண்ட யுவான் காலத்திலேயே இந்தக் கெடுபிடி வந்துவிட்டது. நம் ஊரில் 2017 வரை காருக்கு மேல் சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ள யார் யாருக்கு உரிமை என்று அடித்துக்கொண்டோமே, அதேதான். என்ன, சிவப்பு விளக்கு நிஜமாகவே இருந்தது.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் 15-ஆம் நூற்றாண்டின் அரக்கு மேசை ஒன்று இருக்கிறது. சக்கரவர்த்தி சுவாந்தேவின் அரண்மனைச் சாமான். மேலெல்லாம் டிராகன். கிட்டே போய்ப் பார்த்தால் எல்லா டிராகனுக்கும் நாலு நகம்தான், ஐந்தாவது இருந்த இடத்தில் குழி! எவனோ ஒரு புண்ணியவான் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு ஐந்தாவது நகத்தையும் தோண்டி எடுத்திருக்கிறான். மேசை அரண்மனையை விட்டு வெளியே போய்விட்டது, அவ்வளவுதான். மனிதர்களுக்கு டிமோஷன் கேள்விப்பட்டிருக்கிறோம், டிராகனுக்குக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இந்த மிருகத்தைத்தான் வெள்ளைப் பீங்கானில் நீல வண்ணத்தில் வரைந்து, சுட்டு, ஜாடி ஜாடியாக உலகத்துக்கு அனுப்பினார்கள். அதைச் சேர்க்கக் கிளம்பிய ராஜாக்களும் பணக்காரர்களும் அடித்த கூத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு சின்னக் கேள்வி. கேட்கப்போவது நான் இல்லை.

திருப்பத்தூர்ப் பக்கமிருந்து ஜவ்வாது மலை ஏறினால் புதூர்நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று நாடுகள் வரும். நாடு என்றதும் பாஸ்போர்ட்டைத் தேடாதீர்கள், மூன்றும் மலைவாழ் மக்களின் ஊராட்சிகள். சாமையும் தேனும் புளியும் கிடைக்கிற இடம். நெல்லிவாசலில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம், "தாத்தா, சீனத்து ஜாடி ஒண்ணு பல கோடிக்குப் போவுது" என்று சொல்லிப் பாருங்கள். அவர் விலையைப் பற்றி வாயைத் திறக்கமாட்டார். "அதுல என்னாப்பா வெப்பாங்க?" என்பார். கலை வரலாற்றுப் புத்தகங்களை எல்லாம் ஆட்டம் காண வைக்கும் கேள்வி இது.

தாத்தாவின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெரிய மனிதராகப் போய்க் கதவைத் தட்டுவோம்.

முதல் வீடு, பீக்கிங் அரண்மனை. மிங் சக்கரவர்த்தி வான்லி. இவருக்கு ராட்சசப் பீங்கான் தொட்டிகள் வேண்டும், சுற்றிலும் டிராகன் போட்டு. என்ன வைப்பதற்கு? மீன்! பீங்கான் நகரமான ஜிங்தெஜெனில் குயவர்கள் தலைகீழாக நின்று பார்த்தார்கள். அவ்வளவு பெரிய களிமண் தொட்டி சூளைக்குள் போனால் கோணும், விரியும், வெடிக்கும். ஆர்டரை மேற்பார்க்க வந்த பான் சியாங் என்ற அரண்மனை அதிகாரிக்குக் களிமண்ணின் குணம் தெரியாது. சவுக்கின் குணம் மட்டும் தெரியும்.

1599-ல் தோங் பின் என்ற சூளைக்காரர் இதற்கு மேல் தாங்காது என்று எரியும் சூளைக்குள்ளேயே குதித்துவிட்டார். அடுத்த நாள் திறந்தால் தொட்டி கீறல் இல்லாமல் இருந்தது என்று கதை சொல்லும். கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் ஜிங்தெஜென் அவரைச் சூளைத் தெய்வமாக்கிக் கோயில் கட்டியது நிஜம். நூற்றுச் சொச்ச வருடம் கழித்து அங்கே சூளை மேற்பார்வைக்கு வந்த தாங் யிங் கொஞ்சம் மனசாட்சி உள்ள ஆள். தேறாமல் போன பழைய டிராகன் தொட்டி ஒன்று மூலையில் கேட்பாரற்றுக் கிடப்பதைப் பார்த்து, அதைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கோயிலில் வைத்தார். சக்கரவர்த்திக்கு லாயக்கில்லை என்று கழித்த தொட்டி சாமிக்குச் சரியாகிவிட்டது. மீன்களைக் கேட்டிருந்தால் அவையும் வேண்டாம் என்று சொல்லியிருக்காது.

அடுத்த வீடு, ஜெர்மனி. சாக்சனியின் அதிபதி, போலந்தின் ராஜா, அகஸ்டஸ். 'பலசாலி' என்று பட்டம். வெறும் கையால் குதிரை லாடத்தை முறிப்பார் என்று பேர் வாங்கியவர். அப்படிப்பட்ட மனுஷன், தொட்டால் உடையும் பீங்கான் முன்னால் மட்டும் பசுவாகிவிடுவார். எனக்குப் பீங்கான் வியாதி என்று அவரே ஒப்புக்கொண்டார். வியாதி முற்றிக் கடைசியில் இருபதாயிரத்துக்கு மேல் சாமான் சேர்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் பிரஷ்ய ராஜா முதலாம் ஃபிரெடெரிக் வில்லியம். அவருக்கும் ஒரு சேகரிப்புப் பைத்தியம் உண்டு. நாணயமா? ஓவியமா? இல்லை, உயரமான மனிதர்கள்! ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் ஐரோப்பாவில் எங்கே இருந்தாலும் ஆசை காட்டியோ ஆள் வைத்துத் தூக்கியோ கொண்டுவந்து, யூனிஃபார்ம் மாட்டி, வரிசையில் நிறுத்தி ரசிப்பார். இரண்டு பைத்தியங்கள் சந்தித்தால் என்ன நடக்கும்? பண்டமாற்று நடக்கும்.

1717-ல் அகஸ்டஸ் 600 குதிரைப்படைச் சிப்பாய்களைப் பிரஷ்யாவுக்கு அனுப்பினார். பதிலுக்கு வந்தது 151 பீங்கான் சாமான். கணக்குப் போட்டால் உருப்படி ஒன்றுக்கு ஏறக்குறைய நாலு சிப்பாய். இரண்டு ராஜாக்களும் எதிராளியை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்ற திருப்தியோடு தூங்கியிருப்பார்கள். சிப்பாய்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகட்டும், ஜாடிகளையும் கேட்கவில்லை.

வாங்கி மாளாது என்று புரிந்து, இந்தப் பண்டமாற்றுக்குப் பல வருடம் முன்பே அகஸ்டஸ் வேறு வழியும் பார்த்திருந்தார். ஈயத்தைத் தங்கமாக்குவேன் என்று பீலா விட்டுத் திரிந்த பாட்கர் என்ற பையன் ஏற்கெனவே அவர் காவலில் இருந்தான். தங்கம் வரவில்லை. சிர்ன்ஹவுஸ் என்ற விஞ்ஞானியோடு சேர்த்து அவனைச் சூளையில் உட்கார வைத்தார்கள். 1708-ல் ஐரோப்பாவுக்குச் சீனப் பீங்கானின் ரகசியம் பிடிபட்டது, 1710-ல் மைசன் தொழிற்சாலை வந்தது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டு, உள்ளே இருந்தபடியே உண்மையைக் கண்டுபிடித்தவர்கள் சரித்திரத்தில் அபூர்வம்.

மைசன் செய்த தட்டுகளில் ஒரு டிசைன், சிவப்பு டிராகன். கிழக்கிலிருந்து வந்த ஜந்துதான், அப்படியே சுட்டது. அதற்கு அகஸ்டஸ் வம்சம் என்ன செய்தது தெரியுமா? இந்த டிராகன் தட்டு சாக்சனி அரண்மனைக்கு மட்டும், வேறு யாரும் வாங்கக் கூடாது! 1918-ல் முடியாட்சியே மூட்டை கட்டும் வரைக்கும் அந்தத் தடை இருந்தது. ஜாடியின் ரகசியம் பிடிபட இருநூறு வருடம் ஆனது. ஜம்பத்தின் ரகசியம் பார்த்த அன்றே பிடிபட்டுவிட்டது.

சரி, தாத்தா கேள்வி? இருபதாயிரம் சாமானிலும் என்ன வைத்தார்? அவற்றை வைப்பதற்காக ஓர் அரண்மனையை வைத்தார். அதற்கு 'ஜப்பானிய அரண்மனை' என்று பெயர். இருந்தது ஜெர்மனியில், வந்து குவிந்ததில் சீனச் சரக்கு ஏராளம். ஜாடிகளுக்குள் காற்றுதான். காற்றுக்கு இவ்வளவு வாடகை கட்டியவர் வேறு யாரும் இல்லை.

நம்ம ஆட்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா என்று நீங்கள் பொறுமை இழப்பது தெரிகிறது. வாருங்கள், தஞ்சாவூர்ப் பக்கம்.

1025-ல் ராஜேந்திர சோழன் கப்பல் படையோடு போய், கடல் கடந்த ஸ்ரீவிஜய ராஜ்யத்தைப் பந்தாடிவிட்டு, 'கடாரம் கொண்டான்' என்று பட்டம் சூடிக்கொண்டான். மெய்க்கீர்த்தியில் ஊர் ஊராக அடுக்கினான். அவன் தலைநகர் கங்கைகொண்ட சோழபுரத்தில் மாளிகைமேட்டைத் தோண்டியபோது சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. ராஜேந்திரனைக் கேட்டால் சீனாக்காரன் நம்மைப் பார்த்து நடுங்குகிறான் என்றுதான் சொல்லியிருப்பான்.

சீனாக்காரன் என்ன நினைத்தான்? 1077-ல், முதலாம் குலோத்துங்கன் காலத்தில், சோழ தேசத்திலிருந்து 72 பேர் சீன தர்பாருக்குப் போனார்கள். தந்தம், கற்பூரம், பன்னீர், கண்ணாடிச் சாமான், காண்டாமிருகக் கொம்பு, அப்புறம் பெருங்காயம். ஆமாம், சக்கரவர்த்திக்குப் பெருங்காயம்! பதிலுக்கு 81,800 சரம் செப்புக் காசு கொடுத்து அனுப்பினார்கள். மரியாதை பிரமாதம் என்று நினைத்துத் திரும்பியிருப்பார்கள் பாவம்.

குட்டு 1106-ல் உடைந்தது. பர்மாவின் பாகன் நாட்டுத் தூதர்கள் வந்தார்கள். சோழனுக்குச் செய்த அதே மரியாதையை இவர்களுக்கும் செய்யுங்கள் என்றார் சக்கரவர்த்தி. உடனே சடங்குத் துறைத் தலைவர் எழுந்து ஆட்சேபித்தார். சோழன் ஸ்ரீவிஜயத்துக்குக் கீழ்ப்பட்டவன், அதனால் அவனுக்குக் கெட்டிக் காகிதத்தில் எழுதிச் சாதா உறையில் போட்டுக் கொடுத்தோம், பாகன் பெரிய நாடு அல்லவா? கடைசியில் பாகனுக்குப் பொற்பூ போட்ட காகிதம், பூட்டு சாவியோடு ஒரு குழாய், மேலே பட்டு உறை. யார் யாரை ஜெயித்தார்கள் என்ற தகவல் 80 வருடமாகியும் ஃபைலில் ஏறவில்லை! கடாரம் கொண்டவனின் வம்சத்துக்குச் சீன அரசாங்கம் கொடுத்தது சாதா தபால்.

ஆனால் ஒன்று, தாத்தாவின் கேள்விக்கு நேரான பதில் தமிழ்நாட்டில்தான் கிடைக்கிறது. ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினம் என்று ஓர் ஊர். 1987-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு செய்தது, ஜப்பானிய அறிஞர் நொபுரு கராஷிமாவும் அந்த ஊர்ப் பீங்கான்களை ஆராய்ந்தார். 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் நிறையவே கிடைத்தது, துண்டு துண்டாக. கண்ணாடி அலமாரி வைத்துப் பூட்டிய அடையாளம் ஏதுமில்லை. நம் ஆள் பாத்திரம் வாங்கினால் புழங்குவான், புழங்கினால் உடைப்பான், உடைத்தால் வெளியே வீசுவான். அவன் வீசியதால்தான் ஆராய்ச்சியாளர்களுக்கு வேலை கிடைத்தது.

கல்லில் செதுக்கிய டிராகனையும் நாம் விட்டுவைக்கவில்லை. சீனக் கடற்படைத் தளபதி ஜெங் ஹே, 1409 என்று தேதியிட்ட ஒரு பெரிய கல்லை இலங்கைக்குக் கொண்டுவந்து வைத்தார். உச்சியில் இரண்டு டிராகன், கீழே சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தென்னாவரை நாயனாராகிய பெருமாளுக்குக் காணிக்கை, பாரசீகத்தில் அல்லாவுக்குக் காணிக்கை. பொன், வெள்ளி, பட்டு என்று மூன்றிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல். ஒரே கல்லில் மூன்று தரப்பையும் மடக்கும் கூட்டணித் தந்திரத்தை நம் அரசியல்வாதிகள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1911-ல் அந்தக் கல் காலி நகரத்தில் கிடைத்தது. எங்கே? ரோட்டோரத்தில், தண்ணீர் போகிற சின்னப் பாலத்துக்கு மூடியாக! கல்வெட்டு கல்வெர்ட்டாகி உழைத்துக்கொண்டிருந்தது.

மறுபடி சீனா. 18-ஆம் நூற்றாண்டுச் சக்கரவர்த்தி சியென்லுங் ரசனைக்காரர், சந்தேகமே இல்லை. பிரச்சினை என்னவென்றால் அவர் கவிஞரும்கூட. வாழ்நாளில் நாற்பதாயிரத்துக்கு மேல் கவிதை! அத்தனைக்கும் காகிதம் போதவில்லையோ என்னவோ, அறுநூறு வருடப் பழைய சுங் காலத்துப் பீங்கானை எடுப்பார், திருப்பிப் பார்ப்பார், உருகுவார், உடனே ஒரு கவிதை எழுதுவார். அதைக் கைதேர்ந்த சிற்பி ஒருவர் அந்தப் பாத்திரத்தின் மேலேயே வெட்டிவிடுவார். கோயில் தூணில் பெயர் கீறுகிறவனைப் பிடித்தால் அபராதம் போடுகிறோம். இவரைப் பிடிக்க வேண்டியவர்கள் இவரிடம்தான் சம்பளம் வாங்கினார்கள்.

அந்தச் செல்வம் எல்லாம் கடைசியில் எங்கே போனது? எந்த வீட்டுச் செல்வமும் கஷ்டகாலத்தில் எங்கே போகுமோ அங்கேதான். அடகுக்கு! சியென்லுங்கின் சிங் வம்ச அரண்மனைப் பீங்கான்கள் பீக்கிங் வங்கி ஒன்றில் கடனுக்கு ஈடாகப் போய் உட்கார்ந்தன, மீட்கத்தான் ஆள் இல்லை. ஐந்து நக டிராகனும் வட்டிக்கு முன்னால் வாலைச் சுருட்டிக்கொண்டது.

1927-ல் அந்த வங்கிக் கதவைத் தட்டி நாற்பது வாக்கில் சாமான் வாங்கிய ஆள் யார் தெரியுமா? நம்ம பம்பாய்க்காரர்! சர் பெர்சிவல் டேவிட், 1892-ல் பம்பாயில் பிறந்தவர், பாக்தாத் யூத வம்சம். அப்பா சர் சசூன் டேவிட் 'பேங்க் ஆஃப் இந்தியா'வை நிறுவியவர்களில் முக்கியமானவர். வங்கிக்காரர் பிள்ளைக்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரியாதா? பெர்சிவலை மட்டும் அதிகம் கிண்டல் செய்ய முடியவில்லை. வாங்குகிற பொருளைப் புரிந்துகொள்ளச் சீன மொழியே படித்த மனிதர் அவர். பெரிய சேகரிப்பாளர்களில் பாதிப் பேர் ரசீதைத் தாண்டி எதையும் படித்ததில்லை.

பெர்சிவலிடம் சேர்ந்த சுமார் 1,700 பீங்கான்களில் ஒரு ஜோடி, உலகத்திலேயே பிரபலமான டிராகன் ஜாடிகள். இரண்டும் வெவ்வேறு கைகளுக்குப் போய்ப் பிரிந்து கிடந்தன, அவர்தான் 1935 வாக்கில் சேர்த்து வைத்தார். இரண்டடிக்குக் கொஞ்சம் மேல் உயரம், யானைத் தலைக் கைப்பிடி, வயிற்றைச் சுற்றி டிராகன். நகத்தை எண்ணுங்கள். நாலு! உலகப் புகழ் பெற்ற டிராகன் ராஜ வீட்டு டிராகனே இல்லை.

பின்னே யார் வீட்டுச் சொத்து? ஜாடியின் கழுத்திலேயே எழுதியிருக்கிறது. ஜாங் வென்ஜின் என்றொரு பக்தர். தாவோ கோயில் ஒன்றுக்கு ஒரு தூபக்கால், இரண்டு பூ ஜாடி காணிக்கை கொடுத்திருக்கிறார். குடும்பம் நன்றாக இருக்க வேண்டும், பிள்ளைகள் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று வேண்டுதல். தன் பெயர், கிராமம், வட்டம், மாவட்டம் என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி முழு விலாசம். 1351-ஆம் வருடம், நாலாம் மாதம் என்று தேதி. அவர் அமைதி வேண்டிய அதே வருடம் சீனாவில் பெரும் கலகம் வெடித்து, 17 வருடத்தில் யுவான் ராஜ்யமே கவிழ்ந்தது. தூபக்காலை எவன் தூக்கிக்கொண்டு போனானோ, இன்று வரை கிடைக்கவில்லை.

இந்த எழுத்து எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? நம் கோயில் டியூப்லைட்டில் பார்த்தீர்கள். 'உபயம்' என்று ஆரம்பித்து, கொடுத்தவர் பெயர், அப்பா பெயர், கடைப் பெயர் என்று வெளிச்சம் வர இடமில்லாமல் எழுதியிருக்குமே, அந்த ரகம்தான். நாம் அதைப் பார்த்து ஐம்பது வருடமாக ஜோக் அடிக்கிறோம். ஜாங் மட்டும் இன்றைக்கு இருந்தால் அவரையும் சேர்த்துக் கலாய்த்திருப்போம்.

ஆனால் கொஞ்சம் பொறுங்கள். யுவான் காலத்தில் இவ்வளவு நேர்த்தியான நீல வெள்ளைப் பீங்கான் செய்திருப்பார்கள் என்று அப்போது நிபுணர்கள் யோசிக்கவே இல்லை. லண்டனில் இந்த ஜாடிகளையே சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தார்கள். 1950-களில் ஜான் போப் என்ற அமெரிக்கர் இந்த 1351-ஐ அளவுகோலாக வைத்து, துருக்கி சுல்தானின் தோப்காபி அரண்மனையிலும் ஈரானின் அர்தபிலிலும் இருந்த பீங்கான்களை ஒப்பிட்டு, எவை 14-ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்று பிரித்துக் காட்டினார். சக்கரவர்த்திகளின் நகச் சட்டத்தால் ஆகாத காரியம் ஒரு கிராமத்து ஆசாமியின் உபயத்தால் ஆனது. போதாததற்கு, தாத்தாவின் கேள்விக்குக் கௌரவமான பதில் வைத்திருக்கும் ஒரே ஜாடியும் இதுதான். சாமிக்குப் பூ!

2024-ல் பெர்சிவலின் மொத்தச் சேகரிப்பும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கே நன்கொடையாகப் போனது. மதிப்பு சுமார் நூறு கோடி பவுண்டு. இந்தப் பக்கம் ஜவ்வாது மலையில் மரத்தடியில் புதுக்கற்காலக் கற்கோடாரிகளை வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டுச் சாமியாகக் கும்பிடும் இடங்கள் உண்டு. வயதில் அவற்றுக்கு முன்னால் பெர்சிவலின் ஜாடிகள் எல்லாம் நேற்றுப் பிறந்த குழந்தை. இன்ஷூரன்ஸ் கிடையாது, ஏலம் கிடையாது, கண்ணாடிப் பெட்டி கிடையாது. ஒரே ஒரு குறை, செய்தவன் யாரென்று கோடாரியில் எழுதி வைக்கவில்லை. தன்னடக்கம் உள்ளவர்களால் சரித்திரத்துக்கு எவ்வளவு நஷ்டம் பாருங்கள்!

சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு எரிக்க 96 ஆடு கொடுத்தவர்கள்கூட, இன்ன ராஜாவுக்கு இத்தனையாவது ஆட்சி ஆண்டில் இன்ன ஊர்க்காரன் கொடுத்தேன் என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். அவர்கள் தம்பட்டம் அடித்துக்கொண்டதால்தான் நமக்குச் சோழர் சரித்திரமே கிடைத்தது. டியூப்லைட்டில் இப்போது பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, சில இடங்களில் செல் நம்பரும் இருக்கிறது. வருடத்தை மட்டும் போடமாட்டேன் என்கிறார்கள். எழுநூறு வருடம் கழித்து ஒரு ஜான் போப் வந்து அந்தக் குழல் எந்தக் காலம் என்று தெரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொள்ளப் போகிறார். அடுத்த உபயத்தில் தயவுசெய்து தேதியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சீக்கிரம், எல்இடி பல்பில் எழுதுவதற்கு இடம் ரொம்பக் கம்மி.